வண்டி நின்ற முதல் சில நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் புகார்களில் அடிக்கடி கேட்பது, "நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது" என்பதாகும். எப்படி நின்றது என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. கோளாறுக்கான தடயமோ அந்த "எப்படி"யில்தான் இருக்கிறது. இன்ஜின் ஆறிவிட்டால் பெரும்பாலும் அந்தத் தடயமும் போய்விடும்; வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும், பட்டறையில் அரை மணி நேரம் ஓடிக் காட்டும், திரும்பும் வழியில் மறுபடி நிற்கும்.

யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே கணத்தில் அடங்கினால், சந்தேகம் மின்சாரப் பக்கம் போகவேண்டும். இழுவை குறைந்து, திணறி, ஒருமுறை மீண்டும் பிடித்து, அதன்பின் அடங்கினால் பெட்ரோல் பக்கம் பார்க்கவேண்டும். இதில் விலக்குகள் உண்டு. ஸ்பார்க் ஏற்பாட்டில் உள்ள சிறு மின்தேக்கியான கண்டென்சர் கெட்டுவரும்போது மின்சாரக் கோளாறும் திணறலாகவே வெளிப்படும். ஆயினும் எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இதைவிடக் குறுகிய வழியை நான் அறியேன்.

வண்டியை ஓரங்கட்டியதும், சூடு இருக்கும்போதே ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, மீண்டும் அதன் வயரில் மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி, கழற்றிய துளையிலிருந்து விலக்கி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். வெளிர் நீலத்தில் சுள்ளென்று பாய்ந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். வயரை வெறுங்கையால் பிடிக்கவேண்டாம், அதில் வருவது பல ஆயிரம் வோல்ட். பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் அது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்; சிந்திய பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஸ்பார்க் பார்ப்பது தீயை அழைப்பதாகும்.

ஸ்பார்க் இல்லையென்றால் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்கவேண்டும். உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுதான் பாயின்ட்; அது திறக்கும்போதெல்லாம் காயில் என்ற கம்பிச்சுருள் ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருகிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய இந்தப் பாயின்ட், காயில் ஏற்பாடு 1970-கள் வரை பெரும்பாலான கார்களில் இருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அந்தச் சிறு பாயின்ட் நிமிடத்துக்கு 6000 முறை திறந்து மூடுகிறது. இடைவெளி பல கார்களில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். பாயின்டின் முகம் ஒருபுறம் குழிந்து மறுபுறம் மேடிட்டு, நீலம் பாய்ந்து கருகியிருந்தால், பாயின்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல் கண்டென்சரையும் மாற்றுங்கள். கண்டென்சரும் காயிலும் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக இருந்து, சூடேறியபின் கைவிடும் குணம் உடையவை.

என் வண்டியே ஒரு பருவம் முழுவதும் என்னை அலைக்கழித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும், அதுவும் பத்தில் ஒருமுறை, சட்டென்று அணைந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவினேன். கடைசியில் குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டுக்குப் போகும் விரல் நீள வயர். மேலுறை முழுதாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. இன்ஜினின் உறிஞ்சலுக்கேற்ப ஸ்பார்க் வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு நகரும்போதெல்லாம் அந்த வயர் வளையும். வளையும்போது தொடர்பு விடும். இரு விரலால் மெல்ல இழுத்தபோது ரப்பர்போல நீண்டது. கார்புரேட்டர் கோளாறுகளில் பெரும்பாலானவை மின்சாரக் கோளாறுகளே என்று மெக்கானிக்குகள் சொல்வது வெறும் கேலியன்று.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோலுக்கு வரலாம். முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். காற்றை உள்ளே விடும் துளை மூடியிலேயே இருக்கும் கார்களில், அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்கமுடியாமல் தோற்கும். திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே உயிர்பெற்றால், வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

வெயிலில், நெரிசலில் ஊர்ந்தபின் நிற்பது வேறு கதை. பெட்ரோல் பல கூறுகளின் கலவை. அதன் இலேசான கூறுகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். இன்ஜினோடு ஒட்டிய பம்ப் பெட்ரோலை உறிஞ்சும் இடத்தில் அழுத்தமும் குறைவு என்பதால், அங்கே ஆவி எளிதில் உருவாகிக் குழாயை அடைக்கிறது. பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பதும், பம்பின் மேல் ஈரத்துணி போடுவதும் தற்காலிகத் தீர்வுகள். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளிவைப்பதே நிலையானது.

ஓட்டத்தில் நன்றாக இருந்து, சிக்னலில் மட்டும் அணைந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் வைத்து, கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இன்ஜின் சீரானால் கலவையில் காற்று மிகுதி என்று பொருள்: ஐட்லிங்கில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கலாம், கலவை போகும் குழாயின் இணைப்பில் உள்ள மேனிஃபோல்ட் கேஸ்கட் கசியலாம், அல்லது ஆக்ஸிலரேட்டரோடு திரும்பும் திராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று புகலாம். இந்தத் தேய்மானத்தைக் கார்புரேட்டரின் கலவை ஸ்குருவைத் திருகிச் சரிசெய்ய முடியாது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ் புதிதாகப் போடவேண்டும். ஸ்குருவைத் தொட்டே தீருவேன் என்பவர்கள், முதலில் அதை மெதுவாக, இறுக்காமல், உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு, அதே அளவு வெளியே கொண்டுவந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.