பாம்பின் வயிற்றுக்குக் கீழே

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டனில் பல ஆண்டுகளாகப் பாம்பு வளர்த்து வருகிறேன். அதைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கிறது. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பெட்டியின் அடியில் எதைப் பரப்புவது?

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். சாரை, நாகம், மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை வயலிலேயே இருக்கட்டும். நான் பேசுவது இங்கே வளர்ப்பாளர்களிடம் பிறந்து விற்பனைக்கு வரும் இரண்டு இனங்களைப் பற்றி. ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சோளப்பாம்பு. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான்; குடிக்கும் பால் அல்ல, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு அது.

என் முதல் பாம்பு ஒரு சோளப்பாம்பு. அதற்கு விரிப்பு வாங்கப் போன கடையில் தேங்காய் நார்த்தூள் கட்டியைப் பார்த்தேன். சிறுவயதில் பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் வாசலில் மலைமலையாகக் குவிந்து கிடந்த அதே தூள், இங்கே செங்கல் அளவுக்கு அழுத்தி உறை போட்டு அலமாரியில் இருந்தது. வெந்நீரில் போட்டதும் பொங்கி வாளி நிறைந்தது. அந்த வாசனை என்னை ஊருக்கே கொண்டுபோய்விட்டது. பெட்டி முழுவதும் பரப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்து வந்தேன். சில வாரங்களில் பாம்பின் வயிற்றுச் செதில்களில் பழுப்புக் கறைகள் தோன்றின. பிறகு சிறு கொப்புளங்கள். ஈரத் தரையிலேயே கிடந்ததால் வந்த செதில் அழுகல் என்றார் கால்நடை மருத்துவர். என் நினைவுக்குப் பிடித்ததை வாங்கியிருந்தேனே தவிர, பாம்புக்கு எது தேவை என்று கேட்கவே இல்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

நமக்குத் தரை என்பது கால் படும் இடம். பாம்புக்கு உடல் முழுவதும் படும் இடம். அதன் மூக்கு தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது. நாக்கை நீட்டி அது திரட்டும் வாசனையெல்லாம் மேலண்ணத்தில் உள்ள உணர்வுறுப்புக்குப் போகிறது. அடியில் பரப்பியதைத்தான் அது நாள் முழுவதும் சுவாசிக்கிறது, நுகர்கிறது, உடுத்திக்கொள்கிறது.

சோளப்பாம்புக்கு என் தேர்வு ஆஸ்பென் மரச்சீவல். அந்த மரத்தில் காரமான வாசனை எண்ணெய்கள் இல்லை. எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டால் பாம்பு உள்ளே சுரங்கம் குடையும். அதுவும் சரிந்துவிடாமல் நிற்கும். ஒரே குறை, நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் சிந்திய இடத்தை அன்றைக்கே அள்ளி எறிந்துவிட வேண்டும்.

தேவதாரு இனத்துச் சீவல் எந்தப் பாம்புக்கும் ஆகாது. நம் மூக்குக்கு இனிக்கும் அந்த மணம் மூடிய பெட்டிக்குள் தேங்கிச் சுவாசப் பாதையை எரிச்சலூட்டும். பைன் சீவலையும் நான் தவிர்க்கிறேன். சோளப்பாம்பு இயற்கையில் பைன் காடுகளில்தானே வாழ்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காட்டில் காற்று வீசுகிறது, பிடிக்காத இடத்தை விட்டுப் பாம்பு நகர்ந்தும் போகிறது. பெட்டிக்குள் இந்த இரண்டும் கிடையாது.

பால் பைத்தானின் கதை வேறு. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்போமே, கானா, டோகோ, பெனின் நாடுகளில் இந்தப் பாம்பு அப்படியே செய்கிறது. பகலில் கரையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் தங்குகிறது. வெளியே வெயில் காய்ந்தாலும் வளைக்குள் ஈரக்காற்று நிற்கும். இதற்குத்தான் நம் தேங்காய் நார்த்தூள் பொருத்தம். ஆனால் மேற்பரப்பு உலர்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்க வேண்டும். மேலே தெளிக்காமல் ஒரு மூலையில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள், அடியில் பரவும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று ஈரப்பதமானியை வைத்துப் பாருங்கள். கண்ணால் கணிக்க முடியாது.

இந்த இரண்டுக்கும் மணல் வேண்டாம். இரையோடு வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கக்கூடும். எந்த விரிப்பானாலும் இரையை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பது நல்லது.

புதிதாக வந்த பாம்புக்கு எது என்று கேட்டால், வெறும் காகிதம். பழைய செய்தித்தாளோ சமையலறைக் காகிதமோ போதும். அழகாக இருக்காது, பாம்பு குடைந்து விளையாடவும் முடியாது. ஆனாலும் முதல் இரண்டு மாதங்களுக்குக் காகிதத்தைத்தான் வற்புறுத்துவேன். கழிவு நீராக இருக்கிறதா, சிறு கறுப்பு உண்ணிகள் ஊர்கின்றனவா, உரித்த சட்டை முழுதாக வந்ததா, எல்லாம் வெள்ளைக் காகிதத்தில் உடனே தெரியும். மரச்சீவலில் அந்த உண்ணிகள் கண்ணில் படுவதற்குள் பெருகிவிடும். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியை மட்டும் மறக்காமல் உள்ளே வையுங்கள்.

என் சோளப்பாம்பும் காகிதத்தின் மேல்தான் குணமானது. இரண்டு முறை சட்டை உரித்த பிறகு வயிறு தெளிந்தது. ஆஸ்பென் சீவல் போட்ட முதல் இரவில், தலையை உள்ளே விட்டு, ஒரு சீவலும் அசையாதபடி, வால் நுனிவரை மெல்ல மறைந்து போனது. மறுநாள் மாலையில் பெட்டியின் எதிர்மூலையில் சிறு துளை ஒன்று; அதிலிருந்து நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து போனது.

நன்றி, வணக்கம்.