சின்னத் தீவுல ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வெயில் - எப்படி?

அடுத்த கேள்வி, "ஜூன் மாசம் கொழும்புல வெள்ளம்னு நியூஸ்ல பாத்தேன், அதே வாரம் திருகோணமலைல இருக்கிற ஃப்ரெண்டு வெயில் தாங்கலங்கறான், இத்துனூண்டு இலங்கைல எப்படி சார்"னு கேட்டிருக்கீங்க. கூடவே ஆகஸ்ட்ல டூர் போலாமான்னும்.

ரெண்டுமே உண்மைதாங்க. இலங்கை மொத்தமே 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்ல பாதி. ஆனா நடுவுல மலை நிக்குது பாருங்க, அதுல உசரமான பிதுருதலாகல சிகரம் மட்டும் 2,524 மீட்டர், எல்லா வேலையும் அந்த மலை பாக்கறதுதான். மே மாசத்துலேந்து செப்டம்பர் வரைக்கும் காத்து தென்மேற்குலேந்து வருது, கடல்லேந்து ஈரத்தை அள்ளிட்டு வந்து மலைல மோதி மேல ஏறுது, ஏறினா குளிருது, குளிர்ந்தா மொத்தத்தையும் கொழும்பு இருக்கிற அந்தப் பக்கமே கொட்டிடுது. மலையோட மேற்குச் சரிவுல இருக்கிற வட்டவளை பக்கம்லாம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டர் தாண்டும். மலையைத் தாண்டி திருகோணமலை இருக்கிற கிழக்குப் பக்கம் வரும்போது காத்துல ஈரம் பெருசா மிச்சமிருக்காது. சரி, மழைதான் இல்ல, அனல் ஏன் அடிக்குதுன்னா, கீழ இறங்க இறங்க அழுத்தம் கூடி காத்து சூடாயிடுது, இதைத்தான் நிறைய பேர் சொல்லாம விட்டுடறாங்க. அதே கிழக்குப் பக்கம் இருக்கிற மட்டக்களப்புக்காரங்களக் கேட்டா இந்த அனல் காத்தை கச்சான் காத்துன்னு சொல்வாங்க.

டிசம்பர்ல வாடை, அதாவது வடகிழக்குக் காத்து வந்துட்டா மழை வடக்கு, கிழக்குப் பக்கம் திரும்பிடும். அதுக்காக அப்படியே கண்ணாடில பாத்த மாதிரி உல்டான்னு நினைச்சுடாதீங்க, அக்டோபர், நவம்பர்ல வங்கக்கடல்ல தாழ்வு நிலை வந்தா தீவு முழுக்கவே நனையும், 1978 நவம்பர்ல மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட புயலும் அந்த சீசன்ல வந்ததுதான். வறண்ட பக்கத்துக்கும் மழை இருக்கு, என்ன, நாலு மாசத்துல பெருசா கொட்டிட்டுப் போயிடும். பொலன்னறுவைல பராக்கிரம சமுத்திரம் மாதிரி அவ்ளோ பெரிய குளங்கள் வெட்டினது சும்மாவா.

நுவரெலியா குளிர் வேற கதை, அது சீசன் இல்ல, உயரம். கொழும்புல வருஷ சராசரி 27 டிகிரின்னா அங்க 16 தான், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏறிட்டீங்கல்ல.

டூருக்கு வர்றேன். ஆகஸ்ட்னா கிழக்குக் கடற்கரை, திருகோணமலை, அறுகம்பே பக்கம் போங்க. தென்மேற்குக் கரைல இருக்கிற பெந்தோட்டை, ஹிக்கடுவைலாம் அப்போ கடல் கொந்தளிப்பா இருக்கும், டிசம்பர்லேந்து மார்ச்சுக்குள்ள பாத்துக்கலாம்.