ஓட்டமும் இளைப்பும் ஒரு புளிப்பும்

வணக்கம் நேயர்களே. ஓடினால் வரும் ஆஸ்துமாவுக்கும், எலுமிச்சைக்குப் புளிப்பு தரும் சிட்ரிக் அமிலத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், குடிப்பதைக் கேட்கிறீர்களா, மூச்சில் இழுப்பதைக் கேட்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் இளைப்பு. வேகமாக ஓடும்போது வாய்வழியாகவும் ஏகப்பட்ட காற்றை இழுக்கிறோம். அதை ஈரமாக்கியே மூச்சுக்குழாயின் உட்சுவர் வறண்டுபோகிறது. மிஞ்சும் நீரில் உப்புச் செறிவு ஏறுகிறது. இது அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிட, ஹிஸ்டமின், லியூகோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்கள் வெளியே வந்து குழாய்த் தசையை இறுக்குகின்றன. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. நின்ற 5, 10 நிமிடத்தில்தான் நெஞ்சை அடைக்கும். அதனால்தான் ட்ரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம் ஓடவிட்டு, நின்ற பிறகும் அரை மணி நேரம் வரை விட்டுவிட்டு ஒரு கருவியில் ஊதச் சொல்கிறார்கள். முதல் வினாடியில் ஊதும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், ஓட்ட இளைப்புதான்.

சிட்ரிக் அமிலம் வருவது வேறொரு பரிசோதனையில். 1950-களிலிருந்தே இருப்பது. சிட்ரிக் அமிலக் கரைசலை நெபுலைசர் என்ற கருவியில் நுண்துளிகளாக்கி இழுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் செறிவை இரட்டிப்பாக்கி, எந்த அளவில் 2 இருமல், எந்த அளவில் 5 இருமல் என்று எண்ணுவார்கள். புளிப்பு மூச்சுக்குழாயின் உணர்வு நரம்புகளைச் சீண்டுகிறது, அவ்வளவுதான். ஆய்வகத்துக் கினிப் பன்றிகளிடம் இதே நுண்துளிகள் மூச்சுக்குழாயையும் சுருக்கிவிடும். அதை அப்படியே மனிதர்கள் மேல் ஏற்றிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. நமக்கு இருமலும் சுருக்கமும் தனித்தனிப் பாதை. இருமல் எவ்வளவு சுலபமாகக் கிளம்புகிறது என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லும்.

சரி, குடித்தால்? உணவிலுள்ள சிட்ரிக் அமிலத்தை உடல் எரித்துவிடும். நம் செல்களே அதை ஓயாமல் தயாரிக்கின்றன. ஓட்ட இளைப்பைக் குறைக்குமா என்று ஆராயப்பட்டது வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். இரண்டும் ஒரே பழத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்கிறார்கள். அந்த ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் எல்லாமே சின்ன ஆய்வுகள். அதை நம்பி இன்ஹேலரை ஒதுக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புடமால் இன்ஹேலரை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், ஓட்டத்துக்கு சுமார் 15 நிமிடம் முன்பு இழுங்கள். அது தினமும் தேவைப்படுகிறதா? அப்படியானால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், வார்ம்-அப். ஒருமுறை இளைத்துத் தேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அடுத்த ஓரிரு மணி நேரத்தில் மறுபடி ஓடினால் அவ்வளவு இளைக்காது. போட்டிக்கு முன்பு வீரர்கள் சிலர் விட்டுவிட்டு வேகமாக ஓடிப் பார்ப்பது இதற்காகத்தான்.