தொட்டாலே கொப்புளிக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் பலூனா?

தொண்டியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பிறந்ததிலிருந்தே என் மகனுக்கு உரசினால் தோல் கொப்புளித்துக் கழன்றுவிடும். இப்போது இட்லியே தொண்டையில் நிற்கிறது. பலூன் விட்டு விரிக்கலாம் என்கிறார்கள். தோலே தாங்காத பிள்ளைக்கு உள்ளே கிழியாதா டாக்டர்?"

அருமையான கேள்வி. தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் பழைய பாட்டைத்தான் பாடுவேன்: டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்கிற இந்தப் பிறவித் தோல் நோய் உள்ள பிள்ளைகளுக்கு எதிரி அழுத்தம் இல்லை, உரசல். மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைக்கிற ஏழாம் வகைக் கொலாஜன் என்கிற புரதம் இவர்களுக்குக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. ஒரு நுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக அமுக்கினால் தோல் இருந்த இடத்தில் இருக்கும். பக்கவாட்டில் தேய்த்தால் உரிந்து வரும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், அடியில் கைகொடுத்து அள்ளுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

உணவுக்குழாயிலும் அதே கதை. சாப்பாடு உரசிப் புண்ணாகி, ஆறி, தழும்பு சுருங்கி வழி அடைபடுகிறது, பெரும்பாலும் மேல்பகுதியில். கெட்டியான குழல்களைத் தள்ளி விரித்தால் அவை தேய்த்துக்கொண்டே போகும். பலூன் அப்படியில்லை. மெல்லிய கம்பியை முதலில் விட்டு, அதன்மேல் சுருங்கிய பலூனை ஏற்றி, அடைப்பில் நிறுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மெதுவாக விரிப்பார்கள். நின்ற இடத்திலேயே வெளிப்பக்கமாக அமுக்கும், அவ்வளவுதான். எண்டோஸ்கோப்பிக் குழாயும் மெல்லியதாகத்தான் எடுப்பார்கள். கிழியவே கிழியாது என்று சொல்லமாட்டேன், ஆபத்து குறைவு. பின்னால் மறுபடி சுருங்கலாம், மறுபடி விரிக்கலாம்.

ஆனால் அம்மா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. பலூனைவிட எனக்குப் பயம் பிளாஸ்திரி! ராமேஸ்வரத்துப் பெண் ஒருத்திக்குத் தொண்டை நன்றாக விரிந்தது. ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியை வழக்கம்போல் சரக்கென்று உரித்தார்கள். புறங்கைத் தோலும் கூடவே வந்துவிட்டது. மீன் வியாபாரம் செய்கிற அவள் அப்பா இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே, "ஒட்டாதீங்க, சுத்திக் கட்டுங்க" என்பார். சரியான மனுஷன். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சிலிகான் பட்டை. பிரஷர் பார்க்கிற பட்டைக்கு அடியில் பஞ்சு. மயக்க மருந்து கொடுக்கிற மாஸ்க் படும் கன்னத்தில் வாஸ்லின். வாய் முழுதாகத் திறக்காத பிள்ளை என்றால் மயக்க மருத்துவர் முன்பே பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. முறுக்கு, வறுத்த மீன், முள் மீன் வேண்டாம். சுறாப்புட்டைக் கஞ்சியில் குழைத்து, சூடு ஆறியபின் கொடுங்கள். எச்சில்கூட இறங்கவில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். அடியில் கைகொடுத்து.