லயத்துச் சாவியும் காணி உறுதியும்

[திரையில்: பனி மூடிய காலை. ஒரு லயன் வரிசை. தகரக் கூரைக்கு மேலே புகை. உள்ளே ஒரு கை, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கிறது.]

வணக்கம். இலங்கையின் மலையகத்தில் எந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, போனாலும் இப்படி ஒரு பெட்டியைப் பார்க்கலாம். மேலே நல்ல சேலை ஒன்றிரண்டு. அடியில் பொலித்தீன் பையில் சுற்றிய காகிதங்கள்: பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடிதம், தாத்தாவின் பிரஜாவுரிமை (குடியுரிமை) சான்றிதழ். கூரை ஒழுகினால் முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான்.

அந்தப் பையில் பெரும்பாலும் இல்லாத ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ. காணி உறுதி. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பத்திரம் என்று சொல்வதை இலங்கையில் உறுதி என்போம்.

[திரையில்: தரையில் சுண்ணாம்புக் கோடு. நீளம் 12 அடி, அகலம் 10 அடி.]

ஒரு லயக்காம்பரா, அதாவது லயத்தில் ஒரு குடும்பத்தின் அறை, ஏறத்தாழ இவ்வளவுதான். 120 சதுர அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் அடுப்படி. ஐந்தாறு பேர் படுத்து எழும்புவார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றால் நடுவில் ஒரு சேலையைக் கட்டித் திரை போடுவார்கள். இதெல்லாம் நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. இந்தக் காம்பராவின் சாவி உங்களிடம் இருக்கிறது; காம்பரா உங்களுடையது அல்ல. வீட்டில் யாராவது ஒருவரின் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பட்டியலில், இருக்கும் வரை நீங்கள் அங்கே இருக்கலாம் என்பதுதான் பழைய ஏற்பாடு. அடுப்படியை நாலு அடி நீட்டிக் கட்ட வேண்டுமென்றால்கூட தொரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், கேட்க வேண்டும்.

அதாவது, வேலை போனால் வீட்டின் கதியும் கேள்விக்குறி. கொழுந்து பறிக்கிற அம்மா பென்சன் வயதுக்கு வந்தால், கொழும்பில் கடையில் நிற்கிற மகனுக்கு அந்தக் காம்பராவில் என்ன உரிமை? தெளிவான பதில் கிடையாது. பதில் இல்லாத நிலையே தோட்டத்தின் கையில் ஒரு பிடிதான்.

[திரையில்: பழைய வரைபடம். மண்டபம், தலைமன்னார், மாத்தளை.]

இது எப்படி வந்தது என்று பார்க்க 1820களுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிய காலம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு. அந்தப் பாதையில் எத்தனை பேர் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு யாரும் வைக்கவில்லை. 2023இல், வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அதே திசையில் நடந்தார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய காணி யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத தரிசையும் காட்டையும் முடிக்குரிய காணி, அதாவது அரசின் காணி, ஆக்கியது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் (காடு வெட்டி இடம் மாற்றிச் செய்கிற பயிர்) செய்த மேட்டு நிலங்கள் பல அப்படித்தான் தோட்டமாயின. அவர்களுடைய மனக்குறை பொய்யில்லை. ஆனால் அந்தக் காணியை எடுத்தது வெள்ளைக்கார அரசு. கடனோடு கூட்டி வரப்பட்டவர்கள் எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தைக் குழப்பியே நூறு வருடம் அரசியல் நடந்திருக்கிறது.

கடன் என்றேனே, அதுதான் நம் பெட்டியின் முதல் காகிதம். பெயர் ‘துண்டு’. ஒரு தொழிலாளி தோட்டத்துக்கும், ஆட்களைக் கூட்டி வந்து மேற்பார்க்கிற கங்காணிக்கும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைக்கத் தயாராக இருக்கும் இன்னொரு தோட்டம் கிடைத்தால்தான் ஆள் அங்கே போகலாம். 1921இல் துண்டு முறையை ஒழித்தார்கள். நடுவில் கோப்பி இலைநோயில் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. செடி மாறினாலும் லயம் மாறவில்லை.

[திரையில்: 1947, 1948, 1949 என்று மூன்று ஆண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக.]

இப்போது கொஞ்சம் மெதுவாகப் போவோம். பலர் குழம்புகிற இடம் இது.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தோட்ட மக்களுக்கு அன்று வாக்கு இருந்தது, பாராளுமன்றத்தில் ஆளும் இருந்தது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததை ஆவணத்தோடு காட்டு என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டத்தில் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவது? 1949இல் இரண்டு சட்டங்கள். ஒன்று, விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றது, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது.

1952 தேர்தலில் அந்த 7 ஆசனம் பூச்சியமானது. அதன் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் வாக்கால் தேர்வாகிப் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுவரெலியா–மஸ்கெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் போனார்.

நடுவில் 1964, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். ‘மிச்சம்’ என்றால் ஒன்றரை லட்சம் மனிதர்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் தமிழ்நாட்டின் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போக, தம்பி ஹட்டனில் நின்றுபோன குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நாடற்றவர் என்ற நிலையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன.

சரி, இதற்கும் காணிக்கும் என்ன தொடர்பு? இலங்கை அரசு காணியற்ற விவசாயிகளுக்குக் காணி பகிர்ந்தளித்துக் குடியேற்றங்களை உருவாக்கிய பெரிய காலம் இதுதான். அந்த வரிசையில் நிற்கப் பிரஜாவுரிமை வேண்டும். காணி பங்கு போட்ட நாளில் தோட்ட மக்கள் சட்டப்படி ஊரிலேயே இல்லை. பிரஜாவுரிமை கைக்கு வந்தபோது பந்தி முடிந்திருந்தது.

[திரையில்: டெவன் பகுதியின் தேயிலை மலைகள்.]

ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் போக முடியாது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் முயற்சி நடந்தபோது தொழிலாளர்கள் மறித்தார்கள். மே 11ஆம் திகதி, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மலையகம் கொதித்தது, திட்டம் கைவிடப்பட்டது. கூலி உயர்வுக்காக இல்லாமல், காலுக்கடியில் இருந்த மண்ணுக்காக விழுந்த உயிர் அது. அந்த 7,000 ஏக்கர் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மூன்று அடுக்குப் படம். அரசு, கம்பனி, குடும்பம்.]

இன்று நிலைமை என்ன? காணி அரசுடையது. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனங்களின் கீழ் இருந்த தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் கம்பனிகளுக்குப் போனது. பிறகு நீண்டகாலக் குத்தகை. அதனால் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட ஒரு துண்டுக் காணி வேண்டுமென்றால், குத்தகைக்காரரான கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், உரிமையாளரான அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், நில அளவையாளர் அளக்க வேண்டும், பிறகு உறுதி எழுதிப் பதிய வேண்டும். இதில் எந்தப் படியில் தடுக்கினாலும் வீடு எழும்பும், காகிதம் வராது. வீட்டுக் கடனைச் சம்பளத்தில் பிடித்து முடித்த பிறகும் உறுதி வராத குடும்பங்கள் இருப்பது இப்படித்தான்.

வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லும் ‘ஏழு பேர்ச்’ காணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும். 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இப்போது 10 பேர்ச் என்கிறார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 160 பேர்ச். வீட்டுக்கு 10 பேர்ச் வீதம் 10,000 வீட்டுக்கு 625 ஏக்கர். ஒரு லட்சம் குடும்பங்களுக்கே கொடுத்தாலும் 6,250 ஏக்கர்தான்.

1977இல் ஒரே மாவட்டத்தில் பிரித்துக் கொடுக்கப் பார்த்தது 7,000 ஏக்கர்.

காணி கொடுத்தால் தேயிலைத் தொழில் படுத்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறு தோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருகிறது. சொந்தக் காணியில் கொழுந்து பறித்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கொடுக்கிறவர்கள். காலி, மாத்தறைப் பக்கம் சொந்தக் காணியில் நன்றாக வளர்கிற தேயிலை, மஸ்கெலியாவில் மட்டும் கோபித்துக்கொள்ளுமா?

[திரையில்: மழை. மலைச்சரிவு. ஓசை இல்லை.]

2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்த. மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. ‘எழும்பிப் போங்கள்’ என்று சொல்வது சுலபம். போய்க் குந்த ஒரு பேர்ச் சொந்தமில்லாதவர் எங்கே போவார்?

[திரையில்: இருட்டில் ஒரு தோட்டப் பாதை.]

அப்புறம், உள்ளூராட்சி. பிரதேச சபைத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றதால், தோட்டத்துக்குள் பாதை போடச் சபைப் பணத்தைச் செலவிட முடியவில்லை. தோட்டம் கம்பனியின் இடமாம்! அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை எடுத்தது. அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன. ஆகவே இப்போது உங்கள் உறுப்பினர் ‘தோட்டத்துக்குள் எங்களால் கை வைக்க முடியாது’ என்று சொன்னால், சட்டம் மாறிவிட்டது என்று சொல்லிக் கொடுங்கள்.

[திரையில்: ஒரு மாதிரி ஆவணம். விரல் ஒன்று வரிவரியாக நகர்கிறது.]

கடைசியாக, மேடையில் உங்கள் கையில் ஒரு காகிதம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை, பொன்னாடை, போட்டோ எல்லாம் முடியட்டும். வீட்டுக்கு வந்து நிதானமாக வாசியுங்கள். வீடு தருவதாக எழுதிய கடிதமா, உறுதியா? உறுதி என்றால் நில அளவைப் படத்தின் இலக்கம் இருக்கும், நான்கு எல்லையும் எழுதியிருக்கும், எத்தனை பேர்ச் என்று இருக்கும், காணிப் பதிவகத்தில் பதிந்த விபரம் இருக்கும். இவை இல்லாமல் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இருந்தால் அது நல்ல ஞாபகப் பொருள், அவ்வளவுதான்.

யாருடைய பெயர் என்றும் பாருங்கள். ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் கேட்காமலே கணவரின் பெயரை எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவர், வீட்டுக் கடனைத் தன் சம்பளத்தில் கட்டியவர், அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை என்றால் அதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பிறகு மாற்றுவது இடுப்பை உடைக்கிற வேலை. நிபந்தனைகளையும் பாருங்கள்: தோட்ட வேலையை விட்டால் காணி திரும்பப் போகும் என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. யாராவது காரணம் கேட்டாலும் சிரித்துவிட்டு வாருங்கள். இப்படி எழுதினால் போதும்:

[திரையில், கையெழுத்தில்:]

‘எங்கள் தோட்டப் பிரிவில் (டிவிசனில்) வீடமைப்புக்காகக் கம்பனி விடுவித்த காணியின் பரப்பளவு, நில அளவைப் படத்தின் இலக்கம், இதுவரை பதியப்பட்ட உறுதிகளின் எண்ணிக்கை, மீதிக் குடும்பங்களுக்கு உறுதி வழங்கத் தீர்மானித்துள்ள திகதி ஆகியவற்றைத் தரவும்.’

பதில் வர வேண்டிய முகவரி எழுதும்போது மட்டும் கவனம். தோட்டத்துக் கடிதங்கள் அலுவலகத்தில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரியைக் கடைக்காரரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கடிதத்தைக் கொடுத்ததும், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒன்றை வாங்கி அந்தப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். பிறகு கலண்டரில் நாளைக் குறியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் சொல்ல வேண்டும். எண்ணும்போது சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா நாளைத் தள்ளிவிடுங்கள்.