நைட்ரோ கார் வளைவில் திரும்ப மறுக்கிறதா? டயரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: வளைவின் வெளி விளிம்பை நோக்கி வழுக்கிச் செல்லும் நைட்ரோ பகி, மெதுவோட்டத்தில்]

இது நம் ரிமோட் கண்ட்ரோல் நைட்ரோ பகி, அதாவது மண் தளத்தில் ஓடும் சிறிய மாதிரிப் பந்தயக் கார். முன்சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் முழுவதுமாகத் திரும்பியிருக்கின்றன. வண்டியோ அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நேரே தடுப்பை நோக்கிப் போகிறது. இதைப் பார்த்ததும் நம்மில் பலர் டயரைக் குறை சொல்வோம், மீதிப் பேர் அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் ஷாக் ஆயிலைக் குறை சொல்வார்கள். இந்த வண்டியில் டயரும் புதியது, ஷாக் ஆயிலும் புதியது. கோளாறு இருப்பது, எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் கார்புரேட்டரின் பக்கவாட்டில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு திருகில். எஞ்சினை ஓட்டுவதற்காக உள்ள திருகு வண்டியின் திருப்பத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைத்தான் இந்தக் காணொளியில் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் காணொளிக்கு வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்ததுதான். மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இது. எட்டில் ஒரு பங்கு அளவிலான பந்தய பகியில் 3.5 சிசி எஞ்சினும் 125 சிசி டேங்கும் இருக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, சுழற்சி வேகம் கூடும்போது தானாக விரிந்து பற்றிக்கொள்ளும் கிளட்ச் ஒன்று இருக்கிறது. இந்தக் கிளட்ச்சை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வளைவுக்கு வருவோம். ஒரு கார் நன்றாகத் திரும்ப வேண்டுமானால், வளைவில் நுழையும் கணத்தில் அதன் எடை முன்சக்கரங்களின் மேல் வந்து அமர வேண்டும். த்ராட்டிலை, அதாவது கையில் இருக்கும் ரிமோட்டின் வேக விசையை, விட்டவுடன் வண்டி வேகம் குறைகிறது, மூக்கு சற்றே தாழ்கிறது, முன் டயர்கள் தரையில் அழுந்துகின்றன, திருப்பம் கிடைக்கிறது. மின்சாரக் காரில் விசையை விட்ட அந்தக் கணமே மோட்டார் உந்துவதை நிறுத்திவிடுவதால் இதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. நைட்ரோ காரில் நிலைமை வேறு. நீங்கள் விசையை விட்டது சர்வோவுக்கு, அதாவது ரிமோட்டின் கட்டளைப்படி கம்பியை அசைக்கும் சிறு மோட்டாருக்குத் தெரியும், கார்புரேட்டரின் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் உடனே அடங்க வேண்டுமே. அது அடங்காமல் இன்னும் ஒரு விநாடி உயர்ந்த வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால், கிளட்ச் விடாது, சக்கரங்கள் தொடர்ந்து உந்தப்படும், மூக்கு தாழாது, முன் டயர்களுக்கு எடை வராது. ஓடும் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்போது பின்னாலிருந்து வேறொருவர் தள்ளிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் வண்டி வளைவுக்குள் போகிறது. அந்த ஒரு விநாடிக்குள் வண்டி எத்தனை மீட்டர் ஓடிவிடும் என்று எண்ணிப் பாருங்கள், வளைவே முடிந்துபோய்விடும்.

ஓட்டுநர் என்ன செய்வார்? பிரேக்கை இன்னும் அழுத்துவார். எஞ்சின் ஒரு பக்கம் உந்த, பிரேக் மறுபக்கம் பிடிக்க, நடுவில் கிளட்ச் தேய்ந்து சூடாகும். சூடேறிய கிளட்ச் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். பிறகு அவர் ஸ்பிரிங்கை மாற்றுவார், ஷாக் ஆயிலை மாற்றுவார், சக்கரத்தின் சாய்வுக் கோணமான கேம்பரை மாற்றுவார், கடைசியில் வண்டியையே மாற்றுவார். கோளாறு புதிய வண்டிக்கும் கூடவே வரும், ஏனென்றால் எஞ்சினைக் கழற்றிப் புதிய வண்டியில் பொருத்துபவரும் அவர்தானே!

ஆகவே முதலில் கோளாறு எஞ்சின் பக்கமா, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் பக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. சமதளமான திறந்த இடத்தில், த்ராட்டிலைச் சிறிதளவு, ஒரே அளவில் பிடித்துக்கொண்டு வண்டியை வட்டமாக ஓட்டுங்கள். முதலில் இடப்புறம், பிறகு வலப்புறம். இரண்டு வட்டங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, முன்பக்கமும் நன்றாகப் பற்றிக்கொண்டால், உங்கள் சேஸிஸை இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதே வண்டி வேகமாக வந்து த்ராட்டிலை விட்டு வளைவில் நுழையும்போது மட்டும் வெளியே ஓடுகிறது என்றால், காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேளுங்கள். விசையை விட்டதும் ஒலி சட்டென்று தாழ்ந்து ஐடிலில், அதாவது விசை தொடாதபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகத்தில், நிற்க வேண்டும். தாழ்வதற்கு முன் அந்தரத்தில் தொங்குவதுபோல் ஒரு ரீங்காரம் நீடித்தால், திருடனைப் பிடித்துவிட்டீர்கள்.

[திரையில்: கார்புரேட்டரின் அண்மைக் காட்சி, ஹை-ஸ்பீடு நீடில், லோ-ஸ்பீடு நீடில், ஐடில் திருகு ஆகியவற்றுக்கு அம்புக்குறி]

கார்புரேட்டரில் மூன்று திருகுகள் உள்ளன. ஹை-ஸ்பீடு நீடில் முழு வேகத்தில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. லோ-ஸ்பீடு நீடில் தாழ்ந்த வேகத்தில் அதே வேலையைச் செய்கிறது. ஐடில் திருகு, விசையை விட்ட பிறகும் காற்று எவ்வளவு திறப்பு வழியாக உள்ளே போகலாம் என்பதை வரையறுக்கிறது. நம் தொங்கும் ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் காரணம், லோ-ஸ்பீடு நீடில் அளவுக்கு மீறி உள்ளே திருகப்பட்டு, தாழ்ந்த வேகத்தில் கலவை லீனாகிப் போயிருப்பதுதான். லீன் என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. லீனாக ஓடும் எஞ்சின் கையில் கூர்மையாக இருப்பதுபோலத் தோன்றுவதால்தான் நாம் எல்லோரும் அந்தப் பக்கமே திருகிக்கொண்டு போகிறோம். மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது என்பதால், எரிபொருளைக் குறைக்கும்போது பிஸ்டனுக்குப் போகும் எண்ணெயையும் சேர்த்தே குறைக்கிறோம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

சோதிக்கும் முறை எளியது. எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரல்களால் அழுத்திப் பிடியுங்கள். சுழலும் ஃபிளைவீல் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒலி சிறிதே உயர்ந்து, இரண்டு மூன்று விநாடிகளில் அணைந்தால் கலவை சரி. உயராமல் உடனே செத்துப்போனால் லீன். வெகுநேரம் இழுத்துக்கொண்டே போய், வேகமும் நன்றாக ஏறிய பிறகே அணைந்தால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். லீன் என்றால் லோ-ஸ்பீடு நீடிலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி, வண்டியை மறுபடியும் ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்த பங்கு. ஒரே திருப்பில் அரைச் சுற்றுப் போடுபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. வரிசையும் முக்கியம்: முதலில் ஹை-ஸ்பீடு, அடுத்து லோ-ஸ்பீடு, கடைசியில்தான் ஐடில் திருகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, லோ-ஸ்பீடு கோளாறால் அணைந்துபோகும் எஞ்சினை ஐடில் திருகை உயர்த்தி உயிரோடு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அணைவதில்லை, உண்மைதான். ஆனால் வண்டி ஐடிலிலேயே தானாக ஊர்ந்து போகிறது. ஊர்ந்து போகும் வண்டி வளைவிலும் ஊர்ந்துதான் வெளியே போகும். கார்புரேட்டரின் வாயைப் பார்த்தால், விசையை விட்ட நிலையில் திறப்பு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நீடிலைச் சரிசெய்தும் ரீங்காரம் போகவில்லையென்றால், காற்று வேறு வழியில் உள்ளே போகிறது என்று பொருள். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஓ-ரிங், எஞ்சினின் பின்தட்டு, ஊசிமுனை அளவு துளை விழுந்த எரிபொருள் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவையும் சரியென்றால், சர்வோவிலிருந்து வரும் கம்பி எங்காவது உராய்ந்து, கார்புரேட்டரை முழுமையாக மூடவிடாமல் தடுக்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். கிளட்ச் பெல்லின் உள்ளே இருக்கும் பேரிங் புழுதியில் இறுகியிருந்தாலும், கிளட்ச்சின் ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தாலும் இதே நோய்தான்: எஞ்சின் அடங்கியிருக்கும், சக்கரம் மட்டும் அடங்காது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆனால் அதிகம் பேர் பேசாத விஷயம்: டேங்கில் இருக்கும் எரிபொருளின் எடை. மெத்தனால் தண்ணீரைவிட இலேசு, நைட்ரோமீத்தேன் தண்ணீரைவிடக் கனம். 25 சதவீத நைட்ரோ கலந்த எரிபொருளைக் கணக்கிட்டால் ஒரு சிசிக்கு ஏறக்குறைய 0.9 கிராம் வரும். அப்படியானால் 125 சிசி டேங்கில் 110 கிராமுக்கும் சற்றுக் கூடுதலான எடை. மூன்றேகால் கிலோ வண்டியில் இது மூன்று சதவீதத்துக்கு மேல். அந்த எடை வண்டியின் நட்ட நடுவில் இல்லை, ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஓட ஓடக் கரைந்தும் போகிறது. நீங்கள் காலி டேங்கோடு மேசைமேல் வைத்து இடவலம் எடையைத் துல்லியமாகச் சரிசெய்த வண்டி, டேங்கை நிரப்பி ஓடுதளத்தில் இறக்கியதும் வேறு வண்டியாகிவிடுகிறது. அதனால் உயரத்தையும் இடவலச் சமநிலையையும் அரை டேங்கில் வைத்துச் சரிபார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இதை மறுப்பவர்கள் இருப்பார்கள்; கருத்துப் பகுதியில் சண்டைக்கு வரலாம், வரவேற்கிறேன். இன்னொன்று: டேங்க் காலியாகக் காலியாகக் கலவை சிறிது லீன் பக்கம் சாயும் எஞ்சின்கள் உண்டு. முதல் சில சுற்றுகளில் நன்றாகத் திரும்பி, டேங்க் காலியாகும் நேரத்தில் மட்டும் வளைவில் வெளியே ஓடும் வண்டி உங்களிடம் இருந்தால், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இடது வட்டமும் வலது வட்டமும் வெவ்வேறு அளவில் வந்தவர்களுக்கு இனி வருவது. முதலில் சக்கரங்களை நேராக நிறுத்தும் ரிமோட் அமைப்பான ஸ்டீயரிங் டிரிம்மைப் பாருங்கள். அது சரியென்றால் சேஸிஸ் முறுக்கேறியிருக்கலாம். இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சமமான பலகையில் வைத்து, பின்பக்கத்தின் நட்ட நடுவில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழ வேண்டும். ஒன்று முந்தினால், அந்தப் பக்கத்து ஷாக்கின் நீளத்தையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மேல்தட்டுத் திருகுகளை எல்லாம் தளர்த்தி, வண்டியைத் தட்டையான பரப்பில் அழுத்தி வைத்துக்கொண்டு குறுக்கு மறுக்காக மீண்டும் இறுக்குங்கள். நைட்ரோ எஞ்சினின் அதிர்வில் திருகுகள் தளர்வது இயல்பு. உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்குத் திரெட் லாக் என்ற திருகுப் பசை போடாமல் ஓட்டாதீர்கள்.

ஸ்டீயரிங் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வளைவில் நுழையும்போது பிரேக் சர்வோவும் ஸ்டீயரிங் சர்வோவும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரின் பேட்டரி சோர்ந்திருந்தால், மின்னழுத்தம் சரிவது சரியாக அந்தக் கணத்தில்தான். மேசைமேல் வைத்து ஸ்டீயரிங்கை மட்டும் ஆட்டிப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். முன்சக்கரங்களைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்து இயக்கிப் பாருங்கள். சர்வோ தயங்கினால் பேட்டரி, சர்வோ திரும்பியும் சக்கரம் திரும்பாவிட்டால், மோதலின் அதிர்ச்சி சர்வோவைத் தாக்காமல் காக்கும் சர்வோ சேவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலின் எண்ணெய்க்குத் தனிக் காணொளியே போடலாம் என்பதால் இங்கே சுருக்கமாக: எண்ணெயின் கெட்டித்தன்மை எண் முன்னால் 5000, நடுவில் 5000, பின்னால் 3000 என்பது பலர் தொடங்கும் இடம், முன்பக்கத்தைக் கெட்டியாக்கினால் நுழைவில் திருப்பம் குறையும், முடுக்கும்போது நேர்த்தி கூடும். எண்ணெய் கசிந்து காலியான டிஃபரன்ஷியல் மெல்ல மெல்ல வண்டியின் குணத்தையே மாற்றிவிடும், கசிவு கண்ணில் படாது. பிரேக் போட்டதும் வண்டி சுழன்றுவிட்டால் பின் பிரேக்கைக் குறையுங்கள். கேம்பர், டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டையும் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

[திரையில்: புகைக்குழாய் முனையும் அதன் அருகே எண்ணெய்ப் பளபளப்புடன் இருக்கும் பின் டயரும்]

டயரை முழுமையாக விடுதலை செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சைலன்சரின் முனையிலிருந்து புகையோடு எரியாத எண்ணெயும் வெளியேறுகிறது. அந்த முனை பின் டயரைப் பார்த்துத் திரும்பியிருந்தால், அந்த ஒரு டயரில் மட்டும் எண்ணெய் படிந்து, ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் பின்பகுதி வழுக்கும். சிறு சிலிக்கான் குழாயை முனையில் மாட்டித் திசையை மாற்றினால் போதும். டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து பசை விட்டு ஓரிடத்தில் பிரிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தால் தெரியும். சாலை வகைக் காரில் இரண்டு வேக கியர் இருந்தால், அது வளைவின் நடுவில் மாறுகிறதா என்றும் கேளுங்கள். மாறினால் பின்சக்கரங்கள் ஒரு குலுக்கலோடு பிடி இழக்கும். மாறும் இடத்தைத் திருகு மூலம் முன்னாலோ பின்னாலோ தள்ளி, நேர்ப்பாதையில் மாறும்படி வையுங்கள்.

உங்கள் வண்டி எங்கே தவறுகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா, இடப்பக்கமா, வலப்பக்கமா, அப்போது டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "வண்டி சரியாகத் திரும்பவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டியிருக்கும்.