கேம்ப்ல இருந்து ஒரு மலை நடை: கிலோமீட்டரை மட்டும் பாத்து கிளம்பாதீங்க

வணக்கம் மக்களே! டென்ட் போட்டுத் தங்குற லீவுல ஒரு நாள் பக்கத்து மலைக்கு நடந்துட்டு வரலாம்னு நினைப்போம். மேப்ல போக வர பத்து கிலோமீட்டர்னு காட்டும். "ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம்"னு ஒருத்தர் சொல்லுவாரு. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

மேப்ல உயரக் கோடுகளைப் பாருங்க, அதாவது ஒரே உயரத்துல இருக்குற இடங்களை இணைக்கிற கோடுகள். கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சாய்வு கம்மி. உதாரணத்துக்கு, கேம்ப் 800 மீட்டர் உயரத்துல இருக்கு, உச்சி 1150. அப்போ ஏத்தம் 350 மீட்டர்தானா? இல்லைங்க. நடுவுல பாதை 100 மீட்டர் பள்ளத்துல இறங்கி ஏறுதுன்னா, போகும்போது 450 ஆயிடும். திரும்பும்போது அதே பள்ளத்துல இருந்து இன்னொரு 100 ஏறணும். மொத்தம் 550!

இதுக்கு நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892லயே ஒரு கணக்கு சொல்லிட்டாரு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம். நம்ம பாதைக்குப் போட்டா 2 மணி 55 நிமிஷம். ஆனா இது நல்லா நடக்குறவங்க நிக்காம நடந்தா ஆகுற நேரம். செங்குத்து இறக்கத்துல வேகம் கூடாது, குறையும். முழங்கால் வலிக்கிறதும் கால் வழுக்குறதும் அங்கதான். குழுவுல யாரு மெதுவா நடப்பாங்களோ அவங்க வேகம்தான் எல்லாருக்கும். சாப்பாடு, போட்டோ எல்லாம் சேத்து நாலரை மணி நேரம்னு வச்சுக்கோங்க.

இப்போ கடிகாரத்தைப் பின்னாடி இருந்து ஓட்டுங்க. நிறைய மலைகள்ல இடி மழை மதியத்துக்கு மேலதான் கட்டும். அதனால பன்னிரண்டரைக்கு கேம்ப்ல இருக்கணும், அப்போ எட்டு மணிக்குக் கிளம்பணும். திரும்புற நேரம் பதினொண்ணு. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, பதினொண்ணு ஆச்சுன்னா திரும்பிடணும். "இன்னும் பத்து நிமிஷம்"னு யாராச்சும் கெஞ்சுவாங்க, காதுல வாங்காதீங்க.

தண்ணி மணிக்கு அரை லிட்டர், ஆளுக்கு ரெண்டேகால் லிட்டர். வெயில்னா இன்னும் கூட. உச்சியில குளிரும், ஆயிரம் மீட்டருக்கு சுமார் ஆறரை டிகிரி இறங்கும், காத்து அடிச்சா அதுக்கும் மேல. மழை ஜாக்கெட், ஒரு கதகதப்பான மேல்சட்டை, ஹெட்லைட் கண்டிப்பா பையில இருக்கணும். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயவே காயாது.

கேம்ப்ல தங்குறவங்க மறக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு செட் காஞ்ச துணியையும் சாக்ஸையும் கவர்ல கட்டி டென்ட்லயே விட்டுட்டுப் போங்க. ஈரத்தோட திரும்பி வந்து ஈரத் துணியோட தூங்குறது கொடுமை. கயிறுகளை இறுக்கி, டென்ட்டோட மேல் ஷீட்டை மூடிட்டுக் கிளம்புங்க. சாப்பாட்டுப் பொருளை டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க, வாசனைக்கு விலங்கு வந்து துணியைக் கிழிச்சுடும்.

மேப்பை ராத்திரியே போன்ல டவுன்லோட் பண்ணி, நடக்கும்போது ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் தீந்துடும். போன் செத்தாலும் இருக்கட்டும்னு ஒரு பேப்பர் மேப்பும் எடுத்துக்கோங்க.

விசில் ஒண்ணு பையோட வெளிப்பட்டையில கட்டுங்க. ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப ஊதணும். கேம்ப்ல இருக்குறவங்ககிட்ட எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள்ள வரலைன்னா உதவி கூப்பிடணும்னு எழுதியே கொடுத்துடுங்க. திரும்பி வந்ததும் முதல்ல அவங்களுக்குத் தகவல் சொல்லுங்க, இல்லன்னா டென்ட்ல நீங்க தூங்கிட்டிருக்கும்போது மலையில உங்களைத் தேடிட்டிருப்பாங்க.